நாஸ்கார் செய்தித் தளமான ஜேஸ்கி மீண்டு வந்தது நல்லதுதான். அந்தப் பதிவேட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

நான்காம் வளைவு எழுதியது:

வணக்கம். அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் நடத்தும் பந்தயங்களை நான் முறையாகப் பார்க்கத் தொடங்கியது 2022இல்தான். சக்கரத்துக்கு ஐந்து நட்டு என்ற பழைய வழக்கம் போய், நடுவில் ஒரே பெரிய நட்டுடன் நெக்ஸ்ட் ஜென் கார் களத்துக்கு வந்த ஆண்டு அது. அன்று முதல் பந்தயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வென்றவர் பெயர், அணி, கார் எண், முன்னிலை வகித்த சுற்றுகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்த ஜூலை 24ஆம் தேதி பொக்கோனோ பந்தயம் முடிந்தவுடன் டென்னி ஹாம்லின் என்று எழுதிவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தேன். மறுநாள் பார்த்தால் ஹாம்லினும், இரண்டாவதாக வந்த அதே அணியின் கைல் புஷ்ஷும் தகுதி நீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். காரின் முன்முகப்பில், வண்ண ஒட்டுப்படத்துக்கு அடியில், இருக்கக் கூடாத நாடா இருந்ததைச் சோதனையில் கண்டுபிடித்திருந்தார்கள். மூன்றாவதாக வந்த சேஸ் எலியட், ஒரு சுற்றுகூட முன்னிலையில் இல்லாமலேயே வெற்றியாளரானார். என் நோட்டில் ஹாம்லின் பெயரை அடித்துவிட்டு எலியட் பெயரை மேலே எழுதினேன். அடித்த கோடு இன்றும் அப்படியே இருக்கிறது.

இந்த மாதிரி விவரங்களைத் தேடப் போய்த்தான் ஜேஸ்கி எனக்குப் பழக்கமானது. இப்போது பந்தய வாரத்தில் பங்கேற்போர் பட்டியலை அங்கே பார்க்காமல் நான் பந்தயம் பார்ப்பதில்லை. ஆனால் அதன் வரலாறு எனக்கு அண்மையில்தான் தெரிந்தது. 1996இல் ஒரு ரசிகர் தனி ஆளாகத் தொடங்கியது, பிறகு ஈஎஸ்பிஎன் நிறுவனத்திடம் போனது, அந்நிறுவனம் 2019 ஜனவரியுடன் அதை மூடிவிட்டது, அடுத்த மாதமே, டேட்டோனா 500 பந்தயத்துக்கு முன்பாக, நாஸ்காரின் சொந்த டிஜிட்டல் பிரிவின் கீழ் அது மீண்டும் தொடங்கியது என்று படித்தேன்.

எனக்கு நெருடுவது கடைசிப் பகுதிதான். விதிகளை எழுதுவது, கார்களைச் சோதிப்பது, அபராதம் விதிப்பது, ஒளிபரப்பு உரிமையை விற்பது எல்லாம் நாஸ்கார். அவற்றைப் பற்றிய செய்தித் தொகுப்பும் அதே கூரையின் கீழ் இருந்தால், அதில் எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதை வேறிடத்தில் சரிபார்க்க வேண்டும்? 2019க்கு முன்பிருந்தே வாசித்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கூடவே ஒரு சிறிய கேள்வி. பங்கேற்போர் பட்டியலில் சில எண்களுக்கு முன்னால் நட்சத்திரக் குறியும், சில வீரர்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் சிறிய ‘ஐ’ எழுத்தும் வருகின்றனவே, அவை எதைக் குறிக்கின்றன?

---

பழைய டிக்கெட் எழுதியது:

1997 முதல் வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தத் தளம் வந்தபோது எங்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதை விளக்கினால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

அப்போது ஸ்டாக் கார் பந்தயச் செய்திக்கு வார இதழ்களை நம்பியிருந்தோம். 1934இல் தொடங்கிய ‘நேஷனல் ஸ்பீட் ஸ்போர்ட் நியூஸ்’ ஒன்று. ‘கிராண்ட் நேஷனல் சீன்’ என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் பெயர் மாறிய வார இதழ் மற்றொன்று. ஞாயிற்றுக்கிழமை நடந்த பந்தயத்தின் விவரம் தபாலில் வந்து சேர்வதற்குள் அடுத்த பந்தயத்தின் தகுதிச் சுற்று நெருங்கிவிடும். பெருநகர நாளிதழ்கள் பெரும்பாலும் முதல் பத்து இடங்களோடு நிறுத்திக்கொள்ளும். எந்த அணி எந்த ஸ்பான்சரை இழந்தது, எந்தக் க்ரூ சீஃப் (காரின் தொழில்நுட்பக் குழுத் தலைவர்) எங்கே போகிறார் என்பதெல்லாம் சார்லட், மூர்ஸ்வில், கான்கார்ட் வட்டாரத்துப் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். வெளியூர் ரசிகனுக்குத் தெரியாது. ஜே ஆடம்சிக் அந்த இடைவெளியை நிரப்பினார். அவருடைய பட்டப்பெயர்தான் தளத்தின் பெயராயிற்று.

தொடக்க காலத்தில் அதன் முழுப் பெயரிலேயே ‘சில்லி சீசன்’ என்பது உண்டு. வீரர்களும் அணிகளும் ஸ்பான்சர்களும் அடுத்த ஆண்டுக்காக இடம் மாறும் பருவத்தைப் பந்தய உலகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பெயரைப் பார்த்து வதந்திக் களஞ்சியம் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வதந்தி அன்று. அவர் செய்தியை எழுதிய விதம். நான்கைந்து வரிகளுக்கு மேல் போகாது. முடிவில் அடைப்புக்குறிக்குள் அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு, அதையடுத்துத் தேதி. அணியின் அறிக்கை என்றால் அணியின் பெயர். நாளிதழ் என்றால் நாளிதழின் பெயர். நாளிதழ்காரர்கள் முழுப் பக்கக் கட்டுரையில்கூடச் செய்யாததை, அலங்காரம் எதுவுமில்லாத அந்தப் பக்கம் ஒவ்வொரு வரியிலும் செய்தது.

ஈஎஸ்பிஎன் 2007 முதல் 2014 வரை நாஸ்கார் பந்தயங்களை ஒளிபரப்பியது. உரிமை கைமாறிய பிறகு அந்தத் தளத்தைச் சுமப்பதற்கு வணிகக் காரணம் குறைந்துபோனது என்பது என் ஊகம். அதற்குப் பின்னும் நான்கு ஆண்டுகள் அது நீடித்ததுதான் வியப்பு. அந்த வார இதழ்களுக்கு இப்படி ஒரு மறுவாழ்வு உடனே வாய்க்கவில்லை. ‘சீன்’ 2010இல் நின்றது, ‘ஸ்பீட் ஸ்போர்ட் நியூஸ்’ இதழின் வார அச்சுப் பதிப்பு 2011இல் நின்றது. ஜேஸ்கி ஓரிரு வார இடைவெளியில் உயிர் பெற்றபோது, யாருடைய கூரை என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

பிட் சுவர் எழுதியது:

ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஒரு எடுத்துக்காட்டால் அதை இன்னும் தெளிவாக்கலாம். இந்தத் தளத்தின் பயன் செய்தியை முதலில் சொல்வதில் இல்லை. சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒரே சட்டகத்தில் பொருத்திக் காட்டுவதில் இருக்கிறது.

2018ஆம் ஆண்டின் இடமாற்றங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியரைச் சாம்பியனாக்கிய ஃபர்னிச்சர் ரோ ரேசிங், கொலராடோவின் டென்வரில் இருந்து இயங்கிய அணி. முக்கிய ஸ்பான்சர் விலகியதால், அந்தப் பருவத்தோடு மூடிவிடுவதாக 2018 செப்டம்பரில் அது அறிவித்தது. ட்ரூயெக்ஸ் தன் க்ரூ சீஃப் கோல் பேர்னுடன் ஜோ கிப்ஸ் அணியின் 19ஆம் எண் காருக்குப் போனார். அங்கே இருந்த டேனியல் சுவாரெஸ் ஸ்டூவர்ட்-ஹாஸ் அணியின் 41ஆம் எண்ணுக்குப் போனார். 41இல் இருந்த கர்ட் புஷ் சிப் கனாசி அணியின் 1ஆம் எண்ணுக்குப் போனார். 1இல் இருந்த ஜேமி மக்மரே 2019 டேட்டோனா 500இல் மட்டும் ஓட்டிவிட்டுத் தொலைக்காட்சி வர்ணனைக்குப் போனார். ஒரு ஸ்பான்சர் விலகியது. நான்கு வீரர்கள் இடம் மாறினார்கள். இந்த நான்கும் நான்கு வெவ்வேறு நாள்களில், நான்கு வெவ்வேறு அறிக்கைகளாக வந்தவை. எண், வீரர், அணி, ஸ்பான்சர், க்ரூ சீஃப் என்ற கட்டங்களில் அவற்றை அடுக்கியபோதுதான் எனக்கு இந்தச் சங்கிலி கண்ணில் பட்டது.

அந்தச் சங்கிலியின் வால் இன்னும் சுவையானது. மூடப்பட்ட அணியின் சார்ட்டரை, அதாவது ஒவ்வொரு பந்தயத்திலும் இடத்தை உறுதி செய்யும் உரிமத்தை, ஸ்பயர் மோட்டார்ஸ்போர்ட்ஸ் என்ற புதிய சிறிய அணி வாங்கி 77ஆம் எண்ணில் கார் ஓட்டியது. வாரா வாரம் பின்வரிசையில் வந்த கார் அது. 2019 ஜூலையில் டேட்டோனாவில் ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு மஞ்சள் கொடியின் கீழ் கார்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பந்தயம் உடனே மீண்டும் தொடங்கிவிடும் என்று நம்பி, முன்னிலையில் இருந்த கர்ட் புஷ், எரிபொருளும் சக்கரமும் மாற்றும் பிட் ரோடுக்குள் திரும்பினார். 77ஐ ஓட்டிய ஜஸ்டின் ஹேலி உள்ளே வராமல் தடத்திலேயே இருந்து முன்னிலைக்கு வந்தார். மின்னல் வெட்டியது, பந்தயம் நிறுத்தப்பட்டது, பிறகு மழை கொட்டியது, அத்தோடு முடிந்தது. நாஸ்காரின் முதன்மையான கோப்பைத் தொடரில் ஹேலிக்கு அது மூன்றாவது பந்தயம், வெற்றி அவருடையது. அதே சங்கிலியில் இடம் மாறிய கர்ட் புஷ்ஷின் கையிலிருந்து, அதே சங்கிலியில் கைமாறிய சார்ட்டருக்கு அந்த வெற்றி போயிற்று. இப்படி ஒன்றைக் கோத்துப் பார்ப்பதற்கு யாருடைய சார்பும் தடையாக இருக்க முடியாது. இந்த வகை விவரங்களை நீங்கள் தயங்காமல் நம்பலாம் என்பது என் கருத்து.

---

கணக்குப் பிள்ளை எழுதியது:

இருவரும் சொன்னவை சுவையானவைதான். ஆனால் கேள்வி கேட்டவரின் நெருடலை நீங்கள் தொடவே இல்லை. இடமாற்றங்களை மறைப்பதால் நாஸ்காருக்கு ஆதாயம் எதுவும் இல்லை; ஆகவே அதில் நேர்மையாக இருப்பது பெரிய விஷயமும் இல்லை. அமைப்பின் முடிவும் உண்மையும் வேறுபடும் இடத்தில் பதிவேடு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே சோதனை.

இதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். 1971 ஆகஸ்ட் 6ஆம் தேதி, வட கரோலைனாவின் வின்ஸ்டன்-சேலத்தில் உள்ள கால் மைல் நீளமுள்ள பவ்மன் கிரே மைதானத்தில் ஒரு பந்தயம் நடந்தது. பெரிய கார்கள் ஓடும் கிராண்ட் நேஷனல் தொடரில் (இன்றைய கோப்பைத் தொடரின் அன்றைய பெயர்) அந்தக் கோடையில் போதிய கார்கள் சேரவில்லை என்பதால், சிறிய கார்கள் ஓடும் கிராண்ட் அமெரிக்கன் பிரிவையும் சேர்த்து ஓட விட்டார்கள். சிறிய பிரிவைச் சேர்ந்த ஃபோர்டு மஸ்டாங்கில் வந்த பாபி அலிசன் முதலிடம். ரிச்சர்ட் பெட்டி இரண்டாமிடம். அலிசன் கோட்டைக் கடந்தார், கோப்பை வாங்கினார். ஆனால் கோப்பைத் தொடரின் கணக்கில் அந்த வெற்றி சேரவில்லை. அவர் மட்டும் அன்று, எவருமே வெல்லாத பந்தயமாக அது ஏட்டில் கிடந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 1971இல் அதே போன்ற கலப்புப் பந்தயங்கள் இரண்டில், ஹிக்கரியிலும் நார்த் வில்க்ஸ்போரோவிலும், கமாரோவில் வென்ற டைனி லண்டுக்கு அந்த இரண்டும் கணக்கில் உண்டு. ஒருவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு வேறு நீதி.

இதன் விளைவு சிறியதன்று. அலிசனின் கணக்கு 84இல் நின்றது. டேரல் வால்ட்ரிப்பின் 84உடன் அவர் அரை நூற்றாண்டின் பெரும்பகுதியைச் சமனாகவே கழித்தார். அலிசன் விடவில்லை; தனியாகப் புள்ளிவிவரம் வைத்திருந்தவர்களும் விடவில்லை. 2024 அக்டோபரில்தான் நாஸ்கார் அந்த வெற்றியை ஏற்று 85 என்று திருத்தியது. பெட்டி 200, டேவிட் பியர்சன் 105, ஜெஃப் கார்டன் 93, அடுத்து அலிசன் என நான்காம் இடம் அவருக்குத் தனியாகக் கிடைத்தது. அடுத்த மாதமே, நவம்பர் 9ஆம் தேதி, அவர் காலமானார். திருத்தம் மூன்று வாரம் தாமதித்திருந்தால் அதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

இந்த வழக்கை 53 ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது அதிகாரப்பூர்வ ஏடு அன்று. 85 என்று தங்கள் ஏட்டில் பிடிவாதமாக எழுதிவந்தவர்கள். எல்லா ஏடுகளும் ஒரே கைக்குப் போய்விட்டால், அடுத்த அலிசனுக்காக அந்த இன்னோர் எண்ணை யார் எழுதி வைப்பார்கள்? 2024 அக்டோபரில் 23எக்ஸ்ஐ, ஃப்ரண்ட் ரோ ஆகிய இரண்டு அணிகள் சார்ட்டர் ஒப்பந்தத்தை எதிர்த்து நாஸ்கார் மீதே ஏகபோக வழக்கு தொடுத்தன. 2025 டிசம்பரில், விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, சமரசத்தில் முடிந்த அந்த வழக்கைப் பற்றி நான் அமைப்பின் கூரையின் கீழ் எதையும் வாசிக்கவில்லை. நீதிமன்றத்தில் உட்கார்ந்து எழுதிய செய்தியாளர்களைத்தான் வாசித்தேன். ஜேஸ்கி அப்போது நன்றாகச் செய்ததா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பிரதிவாதியின் வீட்டில் வழக்கின் செய்தியைத் தேடக் கூடாது என்பது என் பழக்கம், அவ்வளவே.

---

பழைய டிக்கெட் எழுதியது:

நண்பர் கணக்குப் பிள்ளை சொன்னதில் பாதியை ஏற்கிறேன். அவருடைய கட்சிக்கு வலுச்சேர்க்க நானே ஒன்று தருகிறேன். 1959 பிப்ரவரி 22ஆம் தேதி நடந்த முதல் டேட்டோனா 500இல், ஜானி போஷாம்ப்தான் வென்றார் என்று கோட்டருகில் இருந்தவர்கள் அறிவித்தார்கள். லீ பெட்டி மறுத்தார். கடைசிச் சுற்றில், ஒரு சுற்று பின்தங்கிய ஜோ வெதர்லியின் காரும் சேர்ந்து மூன்று கார்கள் ஒரே வரிசையில் கோட்டைக் கடந்ததால் வந்த குழப்பம் அது. பத்திரிகைப் படங்களையும் செய்திப்படச் சுருளையும் வரவழைத்துப் பார்த்து, மூன்றாம் நாள்தான் லீ பெட்டி வென்றார் என்று நாஸ்கார் நிறுவனர் பில் ஃபிரான்ஸ் அறிவித்தார். வெளியாள் ஒருவரின் கேமரா இல்லாமல் போயிருந்தால், அந்தப் பந்தயத்தின் முதல் வெற்றியாளர் என்று இன்று வேறொரு பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம்.

நான் ஏற்காத பாதி இதுதான். ஜேஸ்கி ஒருபோதும் கேமராவாக இருக்கவில்லை. வெளியில் கேமரா வைத்திருந்தவர்கள் எடுத்ததை ஒரே சுவரில் மாட்டியது, அவ்வளவுதான். ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது சுவர் யாருடையது என்பதைவிட, அதில் யார் யாருடைய படங்கள் மாட்டப்படுகின்றன என்பதை. நான் முன்பு சொன்னேனே, செய்தியின் முடிவில் அடைப்புக்குறிக்குள் வரும் மூலக் குறிப்பு, அதை ஒரு மாதம் தொடர்ந்து பாருங்கள். ஒரு வாரத்தின் செய்திகளில் எத்தனை அமைப்பின் அறிக்கைகள், எத்தனை அணிகளின் அறிக்கைகள், எத்தனை சுயேச்சையான செய்தியாளர்கள் எழுதியவை என்று எண்ணுங்கள். மூன்றாவது எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போனால் நண்பர் சொல்வது சரி. தேயவில்லை என்றால் என் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கணக்கு வைப்பதில் தேர்ந்தவர் நீங்களே ஒரு நோட்டோடு இருக்கிறீர்கள், பிறகென்ன?

---

பிட் சுவர் எழுதியது:

அலிசன் கதைக்குப் பிறகு ‘தயங்காமல்’ என்ற என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யார் எந்தக் காரில் என்பதை நம்பலாம். யார் எத்தனை வென்றார் என்பதில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாகக் கேட்ட சிறு கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 2016 முதல் 36 சார்ட்டர்கள் இருக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் கார்களுக்கு எல்லாப் பந்தயங்களிலும் இடம் உறுதி. கார்களின் உச்ச வரம்பு 40 என்பதால் எஞ்சும் இடங்களுக்கு மற்றவர்கள் போட்டியிடலாம். அப்படிச் சார்ட்டர் இல்லாமல் வருகிற கார்களுக்குத்தான் நட்சத்திரக் குறி. டேட்டோனா 500 வாரத்தில் அந்தக் குறியுள்ள எண்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். தகுதிச் சுற்றின் நேரமும் வியாழக்கிழமை நடக்கும் இரண்டு டூயல் பந்தயங்களும் சேர்ந்து யார் உள்ளே, யார் வீட்டுக்கு என்று தீர்மானிக்கும். கடைசிச் சுற்றுகளில் முன்வரிசையைவிட அந்தப் பின்வரிசைச் சண்டைதான் வயிற்றைக் கலக்கும். 2025இல் கணக்கு 41 ஆனது. அந்த ஆண்டு கொண்டுவந்த சிறப்பு விதியின்படி ஹீலியோ காஸ்ட்ரோநெவஸ் கூடுதல் இடத்தில் உள்ளே வந்தார்.

‘ஐ’ என்பது வேறு. 2011 முதல் ஒரு வீரர் எந்தத் தேசியத் தொடரில் புள்ளிகள் சேர்ப்பது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு தொடரில் ஓட்டினால் வெற்றி உண்டு, பரிசுத்தொகை உண்டு, சாம்பியன்ஷிப் புள்ளி கிடையாது. அதைத்தான் அந்த எழுத்து குறிக்கிறது. நான் மேலே சொன்ன 2019 டேட்டோனா வெற்றியின்போது ஜஸ்டின் ஹேலியின் நிலை அதுதான். அவர் புள்ளிகளுக்காகத் தேர்ந்தெடுத்திருந்தது கோப்பைத் தொடருக்கு ஒரு படி கீழே உள்ள தொடரை.

---

நான்காம் வளைவு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்ன கணக்கை இந்த வாரமே தொடங்குகிறேன்; நோட்டில் மூன்று பத்திகள் போட்டாகிவிட்டது. பொக்கோனோ பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். ஹாம்லின் பெயரை அடித்தேனே தவிர, அவருக்குக் கடைசியில் என்ன இடம் கொடுத்தார்கள் என்று எழுதவே இல்லை. இப்போது பக்கத்தில் சிறியதாகச் சேர்த்துவிட்டேன்: ஹாம்லின் 35, கைல் புஷ் 36. அடித்த கோடும் மேலே எழுதிய எலியட் பெயரும் அப்படியே இருக்கட்டும். கணக்குப் பிள்ளையிடம் ஒரு வேண்டுகோள்: ஹிக்கரி, நார்த் வில்க்ஸ்போரோ பந்தயங்களைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்கினால், லண்டின் கணக்கில் அவை ஏன் சேர்ந்தன என்பதை அங்கே விரிவாகப் பேசலாம்.